உறை கழன்ற கத்தரி

மனித குலத்தின் வரலாறு இனி இரண்டு பாகம்: அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று. அழைப்பிதழின் முதல் பக்கத்தில் தங்க எழுத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. முதலில் வரலாறு வியாழக்கிழமையே பிரிவதாக இருந்தது. வியாழக்கிழமை மைக்செட்காரருக்கு வேறொரு காதுகுத்து இருந்ததால் ஒரு நாள் தள்ளிப்போனது.

அழைத்தவர் டாக்டர் விஜயகீர்த்தி. கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே, சாலையோரம் நான்கு மாடிக் கண்ணாடியாக நிற்கும் மூளை ஆய்வு நிலையத்தின் நிறுவனர். நரம்பியல் ஞாயிறு, சிந்தனைச் செம்மல் என்று அவருக்குப் பட்டங்கள் உண்டு. இரண்டாவதைக் கொடுத்தது அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம்; அவர்தான் சங்கத்தின் தலைவர். நிலையத்தின் வாசலில் அவருடைய படம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக நின்றது. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருக்கிறார். நெற்றியில் மூன்று சுருக்கம். நுண்ணோக்கியின் ஒயர் மட்டும் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டபடி பக்கத்தில் கிடக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழேதான் எல்லோரும் தினமும் உள்ளே போய் வந்தார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை.

கண்டுபிடிப்பு என்னவென்று வசந்தாமணிக்கு விளக்கியவள் நிலோஃபர். நிலையத்தில் உண்மையில் நுண்ணோக்கியின் ஒயரைச் சொருகி வைத்துப் பார்க்கும் இளம் விஞ்ஞானி. வசந்தாமணி பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். அவளுடைய கணவர் சென்னியப்பனுக்குத்தான் ஊசி போடப் போகிறார்கள்.

"மூளையில காவல் செல்லுன்னு இருக்குதுக்கா. போலீஸ் வேலை, குப்பை அள்ற வேலை ரெண்டும் அதுகதான் பார்க்குது. கிருமி, செத்த செல்லு, கெட்டுப்போன புரதம், எது வந்தாலும் முழுங்கிரும். முழுங்கினதை நறுக்கறதுக்குக் கத்தரியை அதுவே தயாரிச்சுக்கும். நொதின்னு சொல்லுவோம். நீங்க கம்பெனில வச்சிருக்கீங்களே, பிசிறு வெட்டற குட்டிக் கத்தரி, அந்த மாதிரி."

"உள்ளயே கத்தரி வச்சிருந்தா அதையே நறுக்கிக்காதுங்களா?"

"நறுக்காது. செய்யறப்பவே உறை போட்டுத்தான் செய்யும். செல்லுக்குள்ள புளிப்பா ஒரு பை இருக்கு. அதுக்குள்ள போய் விழுந்தாத்தான் உறை கழலும். ஆனா காவல் செல்லு உசுப்பேறுச்சுன்னா கொஞ்சம் கத்தரியை வெளியவும் வீசும்."

"வெளிய என்னங்க இருக்குது நறுக்கறதுக்கு?"

"வலை இருக்கு. நரம்புச் செல்லுகளைச் சுத்திப் புரதத்தால பின்னின வலை. பழைய ஞாபகம், பழைய பயம், பழக்கவழக்கம் எல்லாம் அசையாம உக்காந்திருக்கறதுக்கு அந்த வலைதான் காரணம்னு நாங்க நினைக்கறோம். வலை அறுந்தா உள்ள இருக்கறது இளகிரும். இந்த மருந்து, காவல் செல்லை உசுப்பேத்தற மருந்து. அந்த நேரத்துல எந்தச் செல்லு ரொம்பத் துடிச்சிட்டிருக்கோ, அதைச் சுத்தித்தான் கத்தரி விழும். அதனால அந்த ஒரு மணி நேரம் அவரை இருட்டு ரூம்ல தனியா உக்கார வச்சு, பிரேக் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேக்க வைப்போம். வேற எதையும் நினைக்கக் கூடாது."

பிரேக் சத்தம்தான் சென்னியப்பனின் நோய். டவுன் பஸ் டிரைவர். அவர் ஓட்டும் பஸ்ஸில் நின்றபடி சிந்தாமல் காபி குடிக்கலாம் என்று பேர் இருந்தது. ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்த பைக் ஒன்று அவருடைய சக்கரத்துக்கு அடியில் வந்தது. அவர் மேல் தப்பில்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. காது சொல்லவில்லை. எங்கே பிரேக் சத்தம் கேட்டாலும் சட்டை நனைந்து, கை விறைத்து, இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். டெப்போவில் ஒரு மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் குணமானதற்குச் சான்று கொண்டுவந்தால் ஸ்டியரிங், இல்லையென்றால் வீடு.

"வேற எதையாச்சும் நினைச்சுட்டா?" என்றாள் வசந்தாமணி.

"நினைக்க மாட்டார்க்கா."

"என்னைய நினைச்சுட்டா?"

நிலோஃபர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியை வசந்தாமணி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் தன்னைக் கணவனின் மூளையிலிருந்து காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இருந்தாள். பேச்சைக் குறைத்தாள். அவருடைய பர்ஸிலிருந்து மகளின் படத்தை எடுத்து அரிசி டப்பாவில் வைத்தாள். ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை அப்பாவுக்குப் போன் செய்யாதே என்றாள். அன்று காலை உப்புமாவில் உப்பே போடவில்லை. கைமணம் நினைவில் நிற்கக் கூடாதல்லவா. உப்பில்லாத உப்புமாதான் இன்னும் நன்றாக நினைவில் நிற்கும் என்பது பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது.

சென்னியப்பனுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. பெரிய டாக்டர் கையால் ஊசி. அவர் பெரிய மனிதர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற வகை. தோளில் கிடக்கும் துண்டு அதுவாகவே கக்கத்துக்கு இறங்கும். டிவியில் கலெக்டர் வந்தால் காலை மடக்கிக்கொள்வார். நிலையத்தில் பெயர் பதிந்த முதல் நாளே விஜயகீர்த்தி மாணவர்கள் புடைசூழ வந்து, "எப்படிப்பா இருக்கு இப்போ?" என்று கேட்டார். சென்னியப்பன் எழுந்து, கைகூப்பி, "நல்லாருக்குதுங்க ஐயா" என்றார். அதுவரை அவருக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுத்திருக்கவில்லை.

விஜயகீர்த்தி மாணவர்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? நம்பிக்கையே பாதி மருந்து!"

மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். சென்னியப்பன் பன்னிரண்டாவது ஆள். அவருக்கு முன்பு பதினொரு பேருக்கு இருட்டறையில் ஊசி போட்டாயிற்று. ஒருவருக்குப் பாம்புப் பயம், ஒருவருக்குத் தீ, ஒரு அம்மாவுக்கு லிப்ட். பதினொரு பேரையும் நிறுவனரே நேரில் கண்டு விசாரித்தார். பதினொரு பேரும் குணம். நூற்றுக்கு நூறு. அதற்குத்தான் விழா.

*

ஊசி ஒன்பதே காலுக்குப் போட்டார்கள், நாட்காட்டிப்படி நல்ல நேரத்தில், கேமராக்களுக்கு முன்னால். ஒன்பதரைக்குச் சிறப்பு விருந்தினர் வருவார். பத்து நிமிடம் மேடை. பத்து மணிக்கு மருந்து வேலையைத் தொடங்கும்போது சென்னியப்பன் இருட்டறையில் இருப்பார். நிலோஃபர் போட்ட கணக்கு அது. சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வருவார் என்று கணக்குப் போட்டது, அவளுடைய ஆராய்ச்சி வாழ்க்கையின் முதல் பெரிய பிழை.

பத்து மணிக்கு மேடையில் சென்னியப்பனும் பதினாறு காலி நாற்காலிகளும் இருந்தன. நிலோஃபர் படியோரம் போய் விஜயகீர்த்தியின் காதில் சொன்னாள்.

"சார், நேரமாச்சு. அவரை ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

"நாயகன் இல்லாம விழாவா நிலோஃபர்? சீஃப் கெஸ்ட் அவினாசி தாண்டிட்டார். வந்ததும் பொன்னாடை போட்டு அனுப்பிடலாம். அஞ்சே நிமிஷம்."

"கத்தரி... நொதி வெளிய வர ஆரம்பிச்சிருக்கும் சார்."

"விஞ்ஞானம் கொஞ்சம் காத்திருக்கும்மா. பத்தரைக்கு ராகு காலம். அது காத்திருக்காது."

அவளுடைய வெள்ளைக் கோட்டின் பையில் இன்னொரு ஊசி இருந்தது. வெளியே வந்த கத்தரிகளுக்குத் திரும்ப உறை மாட்டுகிற மருந்து. ஒரு மணி நேரம் கழித்துப் போட வேண்டியது. எப்போது வேண்டுமானாலும் போடலாம்; போட்ட கணத்தில் எல்லாம் நின்றுவிடும். அவள் பையில் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினர் வந்தார். அவரோடு பதினைந்து பேர் வந்தார்கள். குத்துவிளக்கைப் பத்தரைக்குள் ஏற்றியாக வேண்டும் என்று எல்லோரும் ஒரே தீக்குச்சிக்கு ஓடினார்கள். அப்புறம் ராகு காலம் தொடங்கிவிட்டது. ராகு காலத்தில் நாயகனுக்குப் பொன்னாடை போர்த்துவது சரியில்லை, அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், இப்போது பேச்சுகள் நடக்கட்டும் என்று முடிவாயிற்று. பேசுவதற்கு மட்டும் ராகு காலம் கிடையாது.

மண்டபத்தின் பின்பக்கம், ஒரு தூணுக்கு மறுபுறம் வசந்தாமணி நின்றிருந்தாள். மேடையில் இருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்த இடம். அவர் மேடையில் இருக்கக் கூடாத நேரம் இது என்று அவளுக்கும் தெரியும். தூணை விட்டு ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள். சிவப்பு வெல்வெட் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சென்னியப்பன் கூட்டத்தை வரிசை வரிசையாகத் துழாவிக்கொண்டிருந்தார்.

தேடுகிறார். என்னைத்தான் தேடுகிறார். தேடினால் நினைப்பார்.

அவள் குனிந்தாள். குனிந்தபடியே சுவரோரமாக நகர்ந்து, லட்டும் மிக்சரும் பொட்டலம் போடுகிற மேஜைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க்கா, மயக்கமா?" என்றார் பொட்டலம் போடுகிறவர்.

"இல்லீங்க. என்ற ஊட்டுக்காரர் பார்த்துருவார்."

"அடிப்பாரா?"

"மறந்துருவார்."

அவர் அவளிடம் ஒரு லட்டைக் கொடுத்தார்.

மேடையில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் தொகுத்து வழங்கினார். "நரம்பியல் ஞாயிறே! நியூரான்களின் நாயகரே! எங்கள் மண்டைக்குள் ஒளியேற்ற வந்த மாமருந்தே!" ஒவ்வொரு விளிக்கும் கைதட்டல். ஒவ்வொரு கைதட்டலுக்கும் சென்னியப்பனின் முதுகு நாற்காலியிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. யாராவது பெரியவர் அவரைக் கடந்து மைக்குக்குப் போனால் பாதி எழுந்தார். உட்காரச் சொல்லிக் கை காட்டினால் உட்கார்ந்தார். அடுத்தவர் கடந்தால் மறுபடியும் எழுந்தார்.

நிலோஃபரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி, அவர் கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்துவிடுவது என்று மேடையேறினாள். மூன்றாவது படியில் தொகுப்பாளர் அவளைப் பார்த்துவிட்டார்.

"இதோ! நிறுவனரின் நிழலாய் நின்று தொண்டாற்றும் இளம் விஞ்ஞானி! அவருக்கு நம் மாவட்டத் தொழிலதிபர் அவர்கள் பொன்னாடை அணிவிப்பார்!"

மேடையேறிவிட்டவரைச் சும்மா இறக்குவது நம் வழக்கமில்லை. அவள் தோளில் ஜரிகை விழுந்தது. புகைப்படக்காரர், "மேடம், இங்க பாருங்க" என்றார். யாரோ ஒரு நாற்காலியை அவள் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினார்கள். அவள் உட்கார்ந்தாள், சென்னியப்பனுக்கு மூன்று நாற்காலி தள்ளி.

அப்போது விஜயகீர்த்தி மைக்கைப் பிடித்தார். "அச்சம்! மானுடத்தின் ஆதி எதிரி!" என்று தொடங்கினார். நிலோஃபரின் கை பைக்குள் ஊசியைப் பிடித்திருந்தது. எழுந்தால் நான்கு அடி. சட்டையை ஏற்றினால் ஒரு நொடி. ஆனால் நிறுவனர் பேசிக்கொண்டிருந்தார். நிறுவனர் பேசும்போது நிலையத்தில் யாரும் எழுந்ததில்லை. ஊசி அவள் உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாயிற்று. அவர் பேசி முடிக்கும்வரை அது பையிலேயே இருந்தது.

*

திரைக்குப் பின்னால் கத்தரிகளுக்கு உறை மாட்டியான பிறகு, சென்னியப்பனை வாசல் படியில் உட்காரவைத்தார்கள். பொன்னாடையும் கையில் ஒரு லட்டுப் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"போய்ப் பேசுங்கக்கா" என்றாள் நிலோஃபர். "பேசினாத்தான் தெரியும்."

"நீங்க வேணா முதல்ல..."

"ஏய் வசந்தி!" என்று படியிலிருந்து குரல் வந்தது. "எங்க போய்த் தொலைஞ்சே? மேடைல இருந்து பார்த்துப் பார்த்துக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. அப்பறம் என்னடி, உப்புமால உப்பே இல்ல!"

அவள் அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சரியாக அந்த நேரத்தில் சாலையில் ஒரு தனியார் பஸ் கிறீச்சென்று நின்றது. சென்னியப்பனின் கையிலிருந்து லட்டு உருண்டது. முகம் சாம்பலாகி, சட்டை நனைந்து, இரண்டு கையும் விறைத்துக்கொண்டன. ரொம்ப நேரம் கழித்துத்தான் அவரால் தண்ணீர் குடிக்க முடிந்தது.

"அது அப்படியே இருக்குது" என்றாள் வசந்தாமணி. "நானும் அப்படியே இருக்கேன். அப்ப உங்க கத்தரி என்னத்தைத்தான் வெட்டுச்சு?"

பதில் தானாக நடந்து வந்தது. விஜயகீர்த்தி சிறப்பு விருந்தினரை வழியனுப்ப வாசலுக்கு வந்தார். படியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், பீடி குடித்துக்கொண்டிருந்த கார் டிரைவர் பீடியை விழுங்கப் பார்த்தார். சென்னியப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தார். திமிரில்லை. வீட்டு வாசலில் காற்று வாங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எப்படிப்பா இருக்கு இப்போ?" விஜயகீர்த்தி விருந்தினருக்குக் கேட்கும்படி கேட்டார்.

"அப்படியேதாங்க இருக்குது. இப்பக்கூட வந்துச்சு."

விஜயகீர்த்தி சிரித்தார். இப்படி ஒரு பதில் அவருக்கு வந்ததே இல்லை என்பதால், வேறு ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏனுங்க," என்றார் சென்னியப்பன், தலையை அண்ணாந்து படத்தைப் பார்த்தபடி. "அந்த மெசினோட ஒயரு சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கெடக்குதுங்களே. அப்பறம் உள்ள என்னத்தைங்க பார்த்துட்டிருக்கீங்க?"

சிறப்பு விருந்தினர் படத்தைப் பார்த்தார். அவரோடு வந்த பதினைந்து பேரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து காரைப் பார்த்தார்கள்.

நிலோஃபர் சென்னியப்பனை ஓரமாக உட்காரவைத்துக் கேட்டாள். "அண்ணா, மேடைல இருந்தப்ப என்ன நினைச்சிட்டிருந்தீங்க? அக்காவைத் தேடினீங்களா?"

"கொஞ்ச நேரம் தேடுனேன். காணல, விட்டுட்டேன். அப்பறம் ஒரே நெனப்புத்தான். இத்தனை பெரிய மனுசங்க நிக்கறாங்க, நான் உக்காந்திருக்கறேனே, எந்திரிக்கோணுமா, துண்டை எடுக்கோணுமா, காலை எங்க வெக்கறதுன்னு. ஒரு மணி நேரமும் அதேதான். ஒடம்பே நடுங்குச்சு." கொஞ்சம் யோசித்தார். "இப்ப நெனச்சா எதுக்கு நடுங்குனேன்னே தெரியல."

நிலோஃபர் வசந்தாமணியைப் பார்த்தாள். வசந்தாமணிக்குப் புரிந்துவிட்டது.

"மரியாதைங்களா?" என்றாள் மெல்ல. "மரியாதையையா வெட்டிருச்சு?"

"மரியாதை இல்லக்கா. ங்க போட்டுத்தான பேசறார். அது... அந்த நடுக்கம்."

"அது இல்லாம எப்படிங்க பொழைக்கறது?"

*

பிழைப்பது சிரமமாகத்தான் இருந்தது. டெப்போவில் கிளை மேலாளர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்தார்கள். சென்னியப்பன் "வாங்க" என்றார். மேலாளர் கத்தினார். "பக்கத்துலதான இருக்கேன், ஏன் கத்தறீங்க?" என்று சென்னியப்பன் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். முதல் வாரத்திலேயே விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கல்யாண வீட்டில் வார்டு கவுன்சிலர் வந்தபோது பந்தியிலிருந்து பாதியில் எழாமல் ரசம் கேட்டார். வசந்தாமணியின் அண்ணன், நான்கு விசைத்தறிக்குச் சொந்தக்காரர், ஊருக்குப் புத்தி சொல்கிறவர். அவர் ஒரு மணி நேரம் புத்தி சொன்ன பிறகு, "மச்சான், இதைத்தான போன வாரமும் சொன்னீங்க" என்றார் சென்னியப்பன். அண்ணன் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார். அதில் மட்டும் வசந்தாமணிக்கு அவ்வளவு வருத்தம் இல்லை.

கோயிலில் ஒரு குறையும் இல்லை. சாமிக்கு முன்னால் பழையபடி கண்ணீர் மல்க நின்றார். அன்றைக்கு மேடையில் சாமி இல்லாததால் அந்தப் பக்தி தப்பித்தது.

"திரும்ப வருங்களா?" என்று அவள் நிலோஃபரிடம் போனில் கேட்டாள்.

"வலை மறுபடி பின்னும்க்கா. மாசக்கணக்காகும். ஆனா பழைய பின்னல் அப்படியே வராது. சுத்தி இருக்கறவங்க எப்படிப் பழக்கறாங்களோ, அப்படி."

அதனால் அவள் பழக்கத் தொடங்கினாள். ராத்திரிச் சோறு போடும்போது பாடம் நடந்தது. "நான் இருமுனா எந்திரிக்கோணும். ரெண்டு தடவை இருமுனா, 'சரிங்க ஐயா'ன்னு சொல்லோணும்." அவர் ஒத்துக்கொண்டார். அவளுக்காக எதையும் செய்வார். ஏன் எழ வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. தெரு முனையில் யாராவது வெள்ளைச் சட்டை வந்தால் அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், இருமுவாள். கம்பெனியில் சூப்பர்வைசர் அவளைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். இனி ஆயுள் முழுக்க இவருக்குப் பக்கத்திலேயே இருந்து இருமிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தபோது, என்னையே மறந்திருந்தால்கூட ஒரே அழுகையோடு போயிருக்குமே என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதற்காக வாயில் அடித்துக்கொண்டாள்.

மாதக் கடைசி வந்தது.

சான்று தருவதற்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் விஜயகீர்த்தி; இரண்டு பக்கமும் வெளியூரிலிருந்து வந்த நிபுணர்கள். மருந்துக்கு அனுமதி கிடைக்குமா என்பதை அவர்கள் எழுதப்போகும் அறிக்கை தீர்மானிக்கும். அன்றைக்கு மேடையில் நடந்த குழப்பம் நிபுணர்களுக்குத் தெரியாது. தெரிவிக்கும் எண்ணம் விஜயகீர்த்திக்குக் கிடையாது. பன்னிரண்டாவது ஆளும் "நல்லாருக்குதுங்க" என்று சொன்னால் போதும். சென்னியப்பனுக்கு ஸ்டியரிங், டாக்டருக்கு மூன்றாவது பட்டம். நிலோஃபர் ஓரமாக நின்றாள். வசந்தாமணி கதவோரம் நின்றாள்.

உள்ளே வந்த சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வசந்தாமணி இருமினாள்.

"ஓ, எந்திரிக்கோணுமா?" என்று எழுந்தார். நிபுணர்களைப் பார்த்து விளக்கமும் கொடுத்தார். "அவ இருமுனா நான் எந்திரிக்கோணும்னு பேச்சுங்க."

ஒரு நிபுணர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"உட்காருங்க, உட்காருங்க," என்றார் விஜயகீர்த்தி அவசரமாக. "எளிய மனிதர், வெகுளி. சென்னியப்பன்! எங்க எல்லாருக்கும் சொல்லுங்க. பிரேக் சத்தம் இப்போ உங்களைப் பாதிக்குதா? நல்லா இருக்கீங்கதானே?"

கேள்வியிலேயே பதிலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். வாங்கிக்கொண்டால் போதும். சென்னியப்பன் திரும்பி மனைவியைப் பார்த்தார். இரண்டு தடவை இருமினால் சரிங்க ஐயா. அவள் தொண்டையில் இருமல் வந்து நின்றது. இரண்டே இருமல், நாளைக்குக் காக்கிச் சட்டை, பழைய வாழ்க்கை. அவள் அதை விழுங்கினாள். விழுங்கும்போது கண்ணில் நீர் வந்தது.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

"இல்லீங்க. அப்படியேதான் இருக்குது. இன்னைக்கு வர்றப்பக்கூட ரெண்டு தடவை."

"ஆனா பேர் பதிஞ்ச அன்னைக்கே நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களே!" விஜயகீர்த்தியின் குரல் உயர்ந்தது. "பதிவாகியிருக்கே!"

"நீங்க வந்து நின்னு கேட்டீங்க. சொன்னேன். அன்னைக்கு எனக்கு ஊசியே போடலீங்களே."

பேனாவை வைத்த நிபுணர் அதைத் திரும்ப எடுத்தார்.

"முந்தின பதினொரு பேரையும் குணமாயிடுச்சான்னு கேட்டது யாரு டாக்டர்?"

"நானே நேரில் கேட்டேன்," என்றார் விஜயகீர்த்தி பெருமையோடு. "ஒவ்வொருத்தரையும்."

"அப்படியா," என்றார் நிபுணர். நிலோஃபர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு தடவை போன்ல கேட்டுடுங்கம்மா. டாக்டர்கிட்ட முடிவைச் சொல்லிடுங்க, அவர் எங்களுக்கு அனுப்பட்டும்."

திரும்பும் வழியில், பஸ்ஸில், இரண்டு பிரேக்குக்குப் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சென்னியப்பன் கேட்டார். "ஏன் வசந்தி இருமலை?"

"நீங்க ஓட்டற பஸ்ஸுல நானுந்தான ஏறோணும்," என்றாள் அவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பரவால்ல. ஓட்டாட்டிப் போவுது."

அவர் தலையாட்டினார். முன்னால் டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

நிலோஃபர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதினொரு பேருக்கும் போன் செய்தாள். முதலில் லிப்ட் அம்மாவுக்கு.

"நிலையத்துல இருந்து பேசறேம்மா. லிப்ட் பயம் இப்ப எப்படி இருக்கு?"

"ஐயா பக்கத்துல இருக்காருங்களா?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"அப்படின்னா சொல்றேன். கண்ணு, ஒண்ணும் கொறையல. மக வீடு ஆறாவது மாடி, இன்னும் படியேறித்தான் போறேன். ஐயா அவ்வளவு தூரம் வந்து கேட்டாரு, இல்லைன்னா மனசு கஷ்டப்படுவாரேன்னு..."

பாம்புக்காரரும் முதலில் அதைத்தான் கேட்டார். தீக்காரரும். பதினொரு பேரும் பேசத் தொடங்கும் முன் ஐயா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் மளமளவென்று பேசினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மருந்து வேலை செய்ததாக நிரூபணமானது ஒரே ஓர் ஆளிடம், ஒரே ஒரு மேடையில். நிலோஃபர் எல்லாவற்றையும் தெளிவாக எழுதி, கையெழுத்துப் போடாமல், முன்னால் வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு தைரியம் வந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், வேலை போனாலும் பரவாயில்லை, சென்னியப்பனே சொன்னாரே.

போன் அடித்தது. விஜயகீர்த்தி.

"என்னம்மா நிலோஃபர், எல்லாரையும் கேட்டாச்சா? எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?"

கதவு சாத்தியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. நிலோஃபர் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காங்க சார்," என்றாள்.